இழவு வீட்டில் வந்த சிரிப்பு

என் வீட்டுக்காரருக்குப் பாரிசவாதம் வந்து நாலு வருஷமாகிறது. வட்டவளைப் பக்கம் எங்கள் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டிருந்தபோது விழுந்தார். வலது கை மடங்கியபடியே நின்றுவிட்டது, பேச்சும் குழறும். தினமும் காலையில் அந்தக் கையைச் சுடுதண்ணீரில் வைத்து விரல்களை ஒவ்வொன்றாக விரித்துவிட்டுத்தான் நான் பெரட்டுக்கு, காலையில் வேலைக்குப் பெயர் பதியும் இடத்துக்கு, ஓடுவேன்.

அதெல்லாம் பழகிவிட்டது. பழகாதது அவருடைய சிரிப்பு. காரணமில்லாமல் சிரிப்பார், அது அழுகையாக மாறும். நிறுத்த அவராலேயே முடியாது. மூளை கலங்கிவிட்டது என்று லயத்து வீடுகளில் பேசிக்கொண்டார்கள். நானும் நம்பினேன்.

போன வருஷம் கந்தப்பளையில் அவருடைய அண்ணன் இறந்தார். பெட்டியருகே நிற்கும்போது இவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தோள் குலுங்க, வாய்விட்டு. ஒப்பாரி நின்றுபோனது. அண்ணனின் மனைவி என்னிடம், "தங்கச்சி, அவர வெளிய கூட்டிட்டுப் போ" என்றார். வெளியே வந்தபோது அவர் கண்ணில் நீர் கொட்டியது, வாய் மட்டும் சிரித்துக்கொண்டே இருந்தது. வீடு வரும்வரை நான் அவரோடு பேசவில்லை.

அதற்குப் பிறகு அவர் வாசலைத் தாண்டவில்லை. அவருடைய மருந்துக்காகக் கிளினிக்குக்கு நான் மட்டும் போனேன். ஏன் அவர் வரவில்லை என்று டாக்டர் கேட்டார். தெரிந்த சிங்களத்தில் நடந்ததைச் சொன்னேன். அது பைத்தியமில்லை, பாரிசவாதம் வந்த சிலருக்கு இப்படி ஆகும், மனதில் ஒன்றிருக்க முகத்தில் வேறொன்று வரும், மருந்து இருக்கிறது, ஆளைக் கூட்டிவாருங்கள் என்றார். இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்றும் கேட்டார்.

வீட்டுக்கு வந்து அவரிடம் சொன்னேன்.

"அப்ப... எனக்குப் பைத்தியம் இல்லியா?"

"இல்லைங்க. இதுவும் அந்த நோவுதானாம்."

மருந்து தொடங்கிச் சில வாரங்களில் சிரிப்பு குறைந்தது. முழுதாக நிற்கவில்லை. கந்தப்பளைக்குப் போக வேண்டும் என்று அவரே பிடிவாதம் பிடித்தார். அங்கே நான் விளக்கிச் சொன்னேன். அண்ணனின் மனைவி இவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அன்னிக்கே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே தம்பி."

எங்களுக்கே அன்றைக்குத் தெரியாதே. இவர் குழறியபடி ஏதோ சொல்ல முயன்றார். சொல்லி முடிக்கும்வரை அண்ணனின் மனைவி காத்திருந்தார்.

வீடு திரும்ப நானுஓயாவில் ரயிலேறியதும் இருவரும் தூங்கிவிட்டோம். கண் விழித்தபோது நாங்கள் இறங்க வேண்டிய வட்டவளை தாண்டி, நாவலப்பிட்டியே வந்துவிட்டது. அவரைத் தாங்கி இறக்கி, பெஞ்சில் உட்காரவைத்தேன். திரும்பிப் போகும் ரயிலுக்கு இன்னும் நேரமிருந்தது. கோபப்படக்கூட எனக்குத் தெம்பில்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டேன்.