அண்ணி செய்த மெழுகுவர்த்தியை யாரும் ஏற்றியதில்லை

எங்கள் அண்ணி செய்த மெழுகுவர்த்தி ஒன்றை ஏற்றிப் பார்க்கலாமே என்று ஒருமுறை வாய்தவறிச் சொல்லிவிட்டேன். “இவ்வளவு அழகா இருக்கு, இதுக்குப் போய் நெருப்பு வைக்க எப்படி மனசு வருது உங்களுக்கு?” என்று கேட்டார். அன்று சாயங்காலம் வரை என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அண்ணிக்கு மழலையர் பள்ளியில் வேலை. குழந்தைகள் உடைத்துப் போடும் கிரேயான் துண்டுகளை ஒரு பையில் அள்ளி வருவார். கொதிக்கிற தண்ணீருக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து அதில் வெள்ளை மெழுகை உருக்குவார். கிரேயானைப் போட்டுக் கரைத்து, சின்னச் சின்னக் கண்ணாடிக் கிண்ணங்களில் ஊற்றுவார். திரி சாயாமலிருக்கத் துணி கிளிப் மாட்டுவார். ஞாயிற்றுக்கிழமைகளில் தண்ணீர் குடிக்கக்கூட அடுப்படி வாசலில் நின்று அனுமதி கேட்க வேண்டும். கொடியில் கிளிப் இல்லாததால் என் சட்டைகள் பக்கத்து வீட்டு மாடிக்கே குடிபோய்விட்டன.

நிறம் மட்டும் மனசை அள்ளிக்கொண்டு போகும். கிளிப்பச்சை, மாதுளைச் சிவப்பு, மயில்நீலம். சொந்தக்காரர்கள் எல்லாரும் வாங்கிப்போய்க் கண்ணாடி அலமாரிக்குள் வைத்துக்கொண்டார்கள். எல்லாரும் புகழ்ந்தார்கள், ஒருவரும் ஏற்றவில்லை. புகழ்வதற்கு என்ன, காசா பணமா?

அண்ணிக்கு ஒரே ஆசைதான். கடைத்தெருவில் இருந்த பரிசுப்பொருள் கடையில் தான் செய்ததும் விற்பனைக்கு இருக்க வேண்டும். ஒருநாள் மனதைத் திடப்படுத்திக்கொண்டு கிளம்பினார். மெழுகுவர்த்திகளை அடுக்கிய தட்டைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். கடைக்கார அம்மா மாதுளைச் சிவப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்து அழகு என்றார். சொன்ன கையோடு ஒரு தீக்குச்சியைக் கிழித்து அதை ஏற்றிவிட்டார். அண்ணிக்கு முகம் வெளுத்துவிட்டது.

சுடர் எழுந்தது, சுருங்கியது, அணைந்துவிட்டது. அடுத்ததும் அப்படியே. கடைக்கார அம்மா கோபப்படவில்லை.

“அடிவரைக்கும் எரியற மாதிரி செஞ்சு கொண்டு வாங்க. கல்லாப்பெட்டி பக்கத்துலயே வைக்கிறேன்.”

வீட்டுக்கு வந்ததும் நடந்ததை நான்தான் அண்ணனிடம் சொன்னேன். அண்ணன் பிளம்பர். அவருக்கு உலகத்தில் ஒரே ஒரு கோளாறுதான் உண்டு. தலைவலி என்றாலும் அடைப்பு என்பார், பஸ் வரவில்லை என்றாலும் அடைப்பு என்பார். அணைந்த மெழுகைக் கத்தியால் கீறித் திரியை உருவினார். விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு, அடைப்பு என்றார். நான் சிரித்தேன். அவர் திரியின் தலையைக் காட்டினார். உருகிய மெழுகைத் திரி உறிஞ்சினால்தானே சுடர் நிற்கும்? கிரேயான் சாயம் அங்கே பிசுக்காக அப்பி வழியை மறித்திருந்தது. மனுஷன் வாழ்க்கையில் முதல்முறையாகச் சரியாகச் சொல்லிவிட்டார்.

நிறத்தை விட்டால் தன் மெழுகுவர்த்தியில் என்ன இருக்கிறது என்று அண்ணி அழுதார். சில வாரங்கள் அடுப்படி வெறும் அடுப்படியாகவே இருந்தது. இத்தோடு விட்டுவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, நிறமே இல்லாமல், கொஞ்சம் தடித்த திரி போட்டு இரண்டு செய்தார். ஆறியதும் ஒன்றைத் தானே ஏற்றினார். பால் பொங்குவதற்குக் காவல் இருப்பதுபோல் எதிரிலேயே உட்கார்ந்துவிட்டார். ஃபேன் போடக்கூடாது, கதவைத் திறக்கக்கூடாது. வேர்த்துக் கொட்டியது. சமையல் நடக்கவில்லை, அண்ணன் வாங்கிவந்த ரொட்டியை மூன்று பேரும் ஓசைப்படாமல் மென்றோம். சுடர் கீழே இறங்க இறங்க அண்ணியின் தலையும் இறங்கியது. கடைசிச் சொட்டு வரைக்கும் எரிந்துவிட்டுத்தான் அணைந்தது.

மறுநாள் கடைக்குப் போனபோது கைப்பையில் இரண்டும் இருந்தன. அண்ணி முதலில் எடுத்து வைத்தது புகை படிந்த காலிக் கிண்ணத்தை.

“பாருங்க, ஒண்ணுமே மிச்சமில்ல.”

கடைக்கார அம்மா கிண்ணத்துக்குள் விரலை விட்டுத் துழாவிப் பார்த்தார். பிறகு கல்லாப்பெட்டி பக்கத்தில் இருந்த பொம்மைகளை நகர்த்தி இடம் ஒதுக்கினார்.