கற்பூரம் கொளுத்தாத வீடு

1968இல் பற்றிக்குக்கு இருபத்தொன்பது வயது. நாவற்குடாவில் மனைவி றோசம்மாவை விட்டுவிட்டு, திங்கட்கிழமைகளில் பஸ்ஸும் தோணியுமாக வாவியைக் கடந்து வெல்லாவெளிப் பக்கத்துப் பள்ளிக்கூடமொன்றுக்குப் படிப்பிக்கப் போவான். வெள்ளி பின்னேரம் திரும்புவான். கொழும்புத் தமிழ் நாளிதழ் ஒன்றுக்கு நிருபராகவும் இருந்தான். ஆனால் அவன் மனம் கிடந்தது வேறிடத்தில். பேராதனையில் மெய்யியல் முதுமாணிப் பட்டத்துக்குப் பதிந்து, நான்கு வருடமாக ஓர் ஆய்வேட்டை எழுதிக்கொண்டிருந்தான்.

அவன் நிறுவ வந்தது மிகச் சிறிய விடயம். சத்தியம் செய்வதால் ஒரு சொல்லின் உண்மை கூடுவதில்லை. பொய் சொல்பவன் சத்தியத்தோடும் பொய் சொல்வான். மெய் சொல்பவனுக்குச் சத்தியம் எதற்கு? முதல் இரண்டு அத்தியாயங்களைப் படித்த விரிவுரையாளர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: "வாதம் சரி. ஆனா உதாரணமெல்லாம் புத்தகத்துக்குள்ளயிருந்து வருது. உங்கட ஊரில மனிசர் சத்தியம் பண்ணுறதில்லையா?"

பண்ணினார்கள். மாடு களவு போனால், வேலிக்கதிகால் நகர்ந்தால், வழக்கு அம்மன் கோயில் முன்றலில்தான் முடியும். நிலத்தில் கற்பூரத்தைக் கொளுத்துவார்கள். குற்றம் சாட்டப்பட்டவன் "நான் செய்யல்ல" என்று சொல்லி உள்ளங்கையால் அந்த நெருப்பை அடித்து அணைத்தால், அதற்கு மேல் பேச்சில்லை. பற்றிக் இப்படிப் பதினாறு சத்தியங்களை ஒரு கொப்பியில் எழுதி வைத்திருந்தான். பதினாறுக்கும் ஒரே குறை. எல்லாம் வெளியில் நின்று பார்த்தவர்கள் சொன்னவை. பொய்ச் சத்தியம் ஒன்றை உள்ளிருந்து சொல்ல எவரும் இல்லை.

அவன் தங்கியிருந்தது அழகரத்தினம் வீட்டில். உண்மையில் அது அவர் மனைவி அன்னப்பூரணியின் வீடு. அந்தப் பக்கத்து வழமைப்படி சீதனமாக அவளுக்கு வந்தது. பிள்ளைகள் இல்லை. சாமிப் படத்துக்கு முன்னால் எண்ணெய்த் திரி மட்டும் எரியும். கற்பூரம் கொளுத்துவதில்லை. புருசனுக்கு இழுப்பு, அந்தப் புகை ஆகாது என்று அவள் ஊருக்குச் சொல்லியிருந்தாள்.

ஒரு நாள் மத்தியானம், அழகரத்தினம் வயல் வட்டைக்குப் போயிருந்த நேரம், முற்றத்தில் நெல்லைக் காலால் துழாவிக்கொண்டே அவள் கேட்டாள்:

"உந்தக் கொப்பியில எழுதுறத ஆரு மாஸ்டர் வாசிக்கிற?"

"பேராதனையில ரெண்டு மூண்டு பேர் அக்கா. இங்கிலீசில எழுதுவன்."

"இஞ்ச ஒருத்தரும் வாசிக்க மாட்டாங்க?"

"மாட்டாங்க."

"அப்ப எழுதுங்க" என்றாள்.

அவள் சொன்னது இது. ஐம்பத்தேழாம் ஆண்டு வெள்ளத்தில் அழகரத்தினத்தின் வயல் மூழ்க இருந்தது. விடிகிற நேரம் அவர் போய் வரம்பை வெட்டிவிட்டார். தண்ணீர் முழுவதும் பள்ளத்தில் இருந்த வினாயகமூர்த்தியின் வயலுக்குள் பாய்ந்து, ஒரு வருடத்து வேளாண்மையை மண்ணோடு கொண்டு போனது. வினாயகமூர்த்தி கோயிலுக்கு இழுத்தார். அழகரத்தினம் கற்பூரம் அடித்தார். நான்கு மாதத்தில் அன்னப்பூரணியின் மூன்று வயது மகன் காய்ச்சலில் போனான். அடுத்த வருடம் பிறந்த பெண் அழவே இல்லை.

"வரம்பு வெட்டினத நான் கண்ட, மாஸ்டர். கஞ்சி கொண்டு போன நான். நான் கண்டது அவருக்குத் தெரியாது. கேட்டதுமில்ல, சொன்னதுமில்ல. அதுக்கு மறுகா எனக்குக் கற்பூர வாசம் வந்தா அந்த ரெண்டு புள்ளயளும் முன்னால கிடக்கிற மாதிரி இரிக்கும். அதுதான் வாங்கிறல்ல. அவருக்கு இழுப்பெண்டது சும்மா."

பதினேழாவது என்று இலக்கமிட்டு அவன் எழுதிக்கொண்டான். ஒரு சொல்லையும் தவறவிடவில்லை. துக்கத்தால் என்று சொன்னால் அது முழு உண்மையாகாது.

கார்த்திகை மாதம் நாளிதழின் ஞாயிறு மலருக்கு ஒரு கட்டுரை கேட்டார்கள். பதினேழைத் தன் பெயரிலேயே கொடுத்தான். அவளுடைய பேரையும் ஊரையும் எடுத்துவிட்டான். வயலை வாவியாக்கினான், வரம்பை வலையாக்கினான், கமக்காரனை மீன்காரனாக்கினான். இனி அது அவள் கதையல்ல என்று தனக்கே சொல்லிக்கொண்டான். ஒன்றை மட்டும் மாற்றவில்லை. 'கணவனுக்கு இழுப்பு என்று ஊருக்குச் சொல்லிவிட்டு, அந்தப் பெண் பதினொரு வருடமாக வீட்டில் கற்பூரம் கொளுத்தவில்லை' என்று கட்டுரை முடிந்தது. அதுதான் கட்டுரையின் மிக நல்ல வாக்கியம். எழுதும்போதே அவனுக்கு அது தெரியும்.

திங்கள் பின்னேரம் கச்சி முகம்மதுவின் தேத்தண்ணிக் கடையில் யாரோ அதை உரத்து வாசித்தார்கள்.

"இழுப்பெண்டு கற்பூரம் கொளுத்தாத வீடு நம்மட ஊருல எத்தின இரிக்கி, முகம்மது காக்கா?"

"மீன்காரனெண்டெல்லோ மாஸ்டர் எழுதியிரிக்கார்" என்றார் கச்சி முகம்மது. "வட்டைக்குள்ள வலை போட்டவன் ஆரெண்டு தேடுங்க."

கடை சிரித்தது. வினாயகமூர்த்தி சிரிக்கவில்லை. பத்திரிகையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நேரே அன்னப்பூரணி வீட்டுக்கு வந்தார். பற்றிக் முற்றத்தில் இருந்தான். அழகரத்தினம் மண்வெட்டி கழுவிக்கொண்டிருந்தார். அன்னப்பூரணி கதவடியில் நின்றாள்.

"பதினொரு வருசமா இந்த ஊருக்கு நான்தான் பொய்யன், மாஸ்டர்" என்றார் வினாயகமூர்த்தி. "இது ஆருர கதை?"

"கற்பனை, அண்ணன்."

"ஒருத்தரும் சொல்லல்ல?"

"ஒருத்தரும் சொல்லல்ல."

"அப்ப கோயிலடிக்கு வாங்க. வேதக்காரர் எண்டாலும் நெருப்பு நெருப்புத்தானே."

அழகரத்தினம் மண்வெட்டியைக் கீழே வைத்தார். அவர் பார்த்தது பற்றிக்கையல்ல, கதவடியில் நின்ற மனைவியை. தான் மறுத்தால் அவள் வாழ்வு அந்தக் கதவோடு முடிந்தது என்பது பற்றிக்குக்கு விளங்கியது. வருகிறேன் என்றான். நான்கு வருடமாக எழுதி வந்த வாதம் அப்போது கைகொடுத்தது. ஏற்கெனவே சொல்லிவிட்ட பொய். ஒரு துண்டுக் கற்பூரம் அதில் எதைக் கூட்டிவிடும்?

செவ்வாய் மத்தியானப் பூசைக்குப் பிறகு, சனம் கூடி நிற்க, "நான் எழுதினது கற்பனை. எனக்கு ஒருத்தரும் சொல்லல்ல" என்று சொல்லி நெருப்பை அடித்தான். உள்ளங்கையில் சிறு சூடு. அவ்வளவுதான்.

வினாயகமூர்த்தி சால்வையை உதறித் தோளில் போட்டார். "படிச்ச மனிசன். பொய் சொல்ல மாட்டார்" என்றார். தனக்கே சொன்னது போல இருந்தது. ஒரே இடத்தில் இரண்டாம் தடவையும் தோற்று, அந்த மனிதர் வீட்டுக்குப் போனார்.

அன்று பின்னேரம் பற்றிக் கொப்பியை எடுத்துப் பதினெட்டு என்று இலக்கமிட்டான். கடைசியில் உள்ளிருந்து சொல்ல ஒருவன் கிடைத்துவிட்டான். ஆனால் இலக்கத்துக்குப் பக்கத்தில் ஒரு சொல்லும் வரவில்லை. அன்னப்பூரணி வந்து நின்றாள்.

"றோசம்மாவுக்கு எத்தின மாதம்?"

"ஏழு."

"ஆருக்காக அடிச்ச நீங்க?"

"உங்களுக்காகத்தான் அக்கா. அது சும்மா ஒரு நெருப்பு. பயப்பட ஒண்டுமில்ல."

"சும்மாவா?" அவள் குரல் உயரவில்லை. "ரெண்டு புள்ளயப் புதைச்சவளிட்டயா மனே சொல்லுறாய்?"

அதுவரை அவள் அவனை மகனே என்றதில்லை, மாஸ்டர் என்றுதான் அழைத்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை அவன் ஊருக்குப் போன பிறகு, அவள் வினாயகமூர்த்தியின் வளவுக்குப் போனாள். அவரும் அவர் மனைவி சீதேவிப்பிள்ளையும் கேட்டிருக்க, கஞ்சிச் சட்டியோடு வரம்படியில் நின்று கண்டதைச் சொன்னாள். மாஸ்டருக்குச் சொன்னவளும் நான்தான் என்றாள். பிறகு கோயிலுக்குப் போய், "அந்த வேதக்காரப் புள்ளயிர வயித்துப் புள்ளய விட்டிரு தாயே" என்று ஊர் கேட்கவே சொன்னாள்.

திங்கட்கிழமை பற்றிக் வந்தபோது அழகரத்தினம் வீட்டில் இல்லை. வீடு அவளுடையது, ஆகவே போக வேண்டியவர் அவர். உடுப்பையும் மண்வெட்டியையும் எடுத்துக்கொண்டு வட்டையில் இருந்த காவல் குடிசையான வாடிக்குப் போய்விட்டார். "பதினொரு வருசம் என்னப் பாத்துக்கொண்டா இருந்த நீ?" என்று மட்டும் கேட்டாராம். அவள் ஒவ்வொரு நாளும் சோறு கட்டி அனுப்பினாள். கட்டு அவிழாமல் திரும்பி வந்தது.

வினாயகமூர்த்தியை ஊர் பாராட்டியது. அவர் ஒரு தடவை மட்டும் பதில் சொன்னார்: "அந்த வேளாண்மையக் கொண்டாங்க பாப்பம்." பற்றிக் எதிரே வந்தால் வரம்பிலிருந்து வயலுக்குள் இறங்கி வழி விட்டார். அது மரியாதை இல்லை என்பது இருவருக்கும் தெரியும். தை மாதம் பற்றிக் இடமாற்றம் வாங்கினான். அதே மாதம் அவனுக்குப் பெண் பிறந்தது. நன்றாக அழுதது.

பதினேழையும் பதினெட்டையும் முழுமையாக எழுதி அனுப்பினால் பட்டம் உறுதி என்று விரிவுரையாளர் கடிதம் போட்டார். வாதத்தில் அப்போதும் ஓட்டையில்லை. கற்பூரம் அந்தப் பொய்யில் எதையும் கூட்டவில்லை என்று ஐம்பது பக்கத்தில் நிறுவலாம். ஆனால் கற்பூரத்தை நம்பாத ஒருவன் அடித்த நெருப்புக்காக, நம்பிய ஒருத்தி தன் வீட்டை வெறுமையாக்கினாள். அவளை இன்னொரு தடவை கடதாசியில் வைக்க அவனுக்குக் கை வரவில்லை. அவளை எடுத்துவிட்டால் மிஞ்சுவது செவிவழிக் கதை. பட்டத்துக்கான பதிவு காலாவதியானது. அதற்காக அவனை நல்லவன் என்று சொல்ல முடியாது. செய்ய வேண்டியதைச் செய்தவள் வேறொருத்தி.

1975இல் அழகரத்தினம் அந்த வாடியிலேயே இறந்தார். செய்தி கேட்டு, எட்டாம் நாள் சடங்கு முடிந்த பிறகு பற்றிக் போனான். அன்னப்பூரணி மெலிந்து போயிருந்தாள். சாமிப் படத்துக்கு முன்னால் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது.

"மகள் எப்பிடி?"

"ஆறு வயசு அக்கா. பள்ளிக்குப் போறா."

"நல்லம்." நெருப்பை ஒரு தடவை பார்த்துவிட்டுக் கேட்டாள்: "அந்தப் பேராதனைப் படிப்பு? முடிஞ்சிதா மனே?"

ஏழு வருடமாக அந்த ஒன்றாவது நடந்திருக்கும் என்று அவள் எண்ணியிருந்தாள் என்பது அவள் முகத்தில் தெரிந்தது.

"ஓம் அக்கா. பட்டம் கிடைச்சிட்டு."

அவள் சத்தியம் கேட்கவில்லை.