சம்பந்தி சொல்லி முடிக்காத குருவி

செய்தி வந்தபோது என் மீசை பாதி கறுப்பு, பாதி வெள்ளை. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் வழக்கமாகப் போகும் முடிதிருத்தும் கடையில் கழுத்தில் துண்டோடு உட்கார்ந்திருந்தேன். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, சம்பந்தி வருவார். மீசை நரைத்திருந்தால் “என்ன சம்பந்தி, அங்கயும் பனி விழுந்திருச்சா?” என்று கேட்பார். அதற்கு இடம் கொடுக்கக் கூடாது என்றுதான் மை பூசப் போனேன். வலப்பக்கம் முடிந்து இடப்பக்கம் தொடங்கும் நேரத்தில் மகள் கவிதா போனில் அழைத்தாள்.

“அப்பா, மாமா போயிட்டாருப்பா. பசியாறிட்டு நாற்காலியில உட்கார்ந்தவரு, அப்படியே...”

எழுந்து ஓடினேன். “அண்ணே, இன்னும் ஒரு பக்கம் இருக்குண்ணே!” என்று கடைத் தம்பி வாசல்வரை வந்து கத்தினான். கிள்ளானில் அவர் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான், எல்லோரும் என் முகத்தை ஏன் அப்படிப் பார்க்கிறார்கள் என்பது உறைத்தது. யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருக்கக்கூடிய ஒரே மனிதரைக் கூடத்தில் படுக்க வைத்திருந்தார்கள்.

பதினாறாம் நாளுக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கும் நினைவு மலரில் அவரைப் பற்றி எழுதச் சொல்லி மாப்பிள்ளை முரளி என்னிடம் கேட்டார். மூன்றாம் படிவத்தோடு படிப்பை நிறுத்திவிட்டுப் பள்ளி வேன் ஓட்டுகிறவன் நான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்குத் துக்கம் இருக்கிறது, அதைவிட எரிச்சல் அதிகமாக இருக்கிறது. ஏன் என்று சொல்கிறேன்.

அமரர் தனபாலன் அவர்கள் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். என் மகளைப் பெண் பார்க்க வந்த அன்றுதான் அவரை முதலில் சந்தித்தேன். அவர் தம் வேலையைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். பிறர் பேசும்போது நடுவில் பேசாமல் இருக்க எனக்குத் தெரியாது. “அவ்ளோ உயரத்துல தலை சுத்தாதா?” என்றேன். அவர் நிறுத்தினார். தேநீரைக் குடித்தார். பிறகு, முதல் வாக்கியத்திலிருந்து மறுபடியும் தொடங்கினார். இப்படியே மூன்று தடவை. கடைசியில் அவரே காரணம் சொன்னார்.

“கீழ இருந்து வாக்கி டாக்கியில சொல்றது பாதியில அறுந்துச்சுன்னா, மறுபடியும் முதல்ல இருந்துதான் சொல்லணும் சம்பந்தி. பாதியைக் கேட்டுட்டு பெட்டியை இறக்கினா, கீழ ஆள் இருக்க மாட்டான். எனக்கு அது பழகிப்போச்சு.”

இன்னும் கல்யாணமே பேசி முடியவில்லை. அதற்குள் என்னைச் சம்பந்தி என்று அழைத்துவிட்டார். அந்த வார்த்தையில் நான் விழுந்துவிட்டேன் என்பதும் உண்மை.

ஓய்வு பெற்றபின் அவருக்கு இமயமலைப் பைத்தியம் பிடித்தது. மனைவியை இழந்தவர். தம் ஊர்க் கோயில் நண்பர்களோடு நேபாளம் போனார், சிக்கிம் போனார், மறுபடியும் நேபாளம் போனார். அந்தக் கடைசிப் பயணத்திலிருந்து திரும்பியவர், விமான நிலையத்திலிருந்து நேரே என் அடுக்குமாடி வீட்டுக்கு வந்தார். தோளில் ஆள் உயரத்துக்கு ஒரு பிளாஸ்டிக் தண்ணீர்க் குழாய்.

“என்னாங்க இது, பைப் ரிப்பேரா?” என்றாள் என் மனைவி செல்வி.

“சீருங்க,” என்றார் அவர். “பொண்ணைக் குடுத்த வீட்டுக்கு நான் என்ன குடுத்தேன்? மடிச்சா பட்டுல மடிப்பு விழுந்துரும், அதான் குழாய்ல சுத்தி எடுத்தாந்தேன். அங்க ஏர்போர்ட்ல ஒருத்தன் ‘பாஸ், உள்ள துப்பாக்கியா?’ன்னு கேட்டான் லா.”

மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டுக்குச் சீர் கொண்டுவந்ததை நான் அன்றுதான் பார்த்தேன்.

உள்ளேயிருந்து வந்தது சுவரில் மாட்டும் ஒரு பட்டுப் படம். நீலப் பட்டின்மேல் வண்ண வண்ணப் பட்டுத் துண்டுகளை வெட்டி வைத்துக் கையாலேயே தைத்தது. பழம் தொங்கும் ஒரு மரம். அதன் கீழே யானை, யானை முதுகில் குரங்கு, குரங்கின் தோளில் முயல். முயலின் தலைக்கு மேலே ஓர் இடம் மட்டும் வெறுமையாக இருந்தது. உற்றுப் பார்த்தால் அங்கே ஊசித் துளைகள் தெரியும். அந்தத் துளைகளை விரலால் தொடர்ந்து போனால் ஒரு குருவியின் உருவம் வரும். அந்தக் குருவி அளவுக்கு நீலம் மங்காமல் பளிச்சென்று இருந்தது.

“குருவி எங்க சம்பந்தி?” என்றேன்.

“அதைச் சொல்லத்தானே வந்தேன்,” என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

அன்று தொடங்கியது என் தொல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயிலில் வருவார். சுவர் முன்னால் நின்று, படம் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது என்பார். நேராகத்தான் இருக்கும். சாய்ந்திருக்கிறது என்று சாய்த்து வைத்துவிட்டு உட்கார்ந்து கதையைத் தொடங்குவார். குழுவினர் எல்லோரும் மலை ஏறிவிட்டார்கள், இவர் மட்டும் கால் வலி என்று கீழே தங்கிவிட்டார், மழையில் மண் சரிந்து சாலை அடைபட்டது. இந்த இடத்தில் நான் “அப்ப சாப்பாட்டுக்கு என்ன செஞ்சீங்க?” என்பேன்.

“குறுக்கப் பேச்சு. முதல்ல இருந்து வரேன்.”

மறுபடியும் விமானம், மறுபடியும் கால் வலி, மறுபடியும் மழை. அதற்குள் ரயிலுக்கு நேரமாகிவிடும். போனில் சொல்லுங்கள் என்றால், “போன்ல சொல்ற விஷயமா இது?” என்று வைத்துவிடுவார். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் குருவியைக் கேட்பார்கள். என் வீட்டுச் சுவரைப் பற்றி எனக்கே தெரியாது என்று நான் சொல்ல வேண்டியிருந்தது.

சென்ற ஆண்டு என் தொண்டையில் ஒரு சிறு அறுவை சிகிச்சை. ஒரு வாரம் வாயே திறக்கக் கூடாது என்றார் டாக்டர். செல்விக்கு அந்த வாரம் தீபாவளி. சம்பந்தி நாள் தவறாமல் கிள்ளானிலிருந்து கஞ்சியோடு வந்து கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தார். நல்ல வாய்ப்பு என்று நான் கையை விரித்துச் சிறகடித்துக் காட்டினேன். குருவி! இப்போது சொல்லுங்கள்!

அவர் சிரித்தார். “பேச முடியாத ஆளுகிட்ட சொல்றது நியாயமில்ல சம்பந்தி. நீங்க குறுக்கப் பேசாத கதையை நான் யாருக்குச் சொல்றது? கஞ்சி ஆறுது, குடிங்க.”

எனக்கு வந்த கோபத்தில் கஞ்சியைக் குடிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஊட்டிவிட்டுத்தான் போனார்.

கடைசியாக வந்த ஞாயிற்றுக்கிழமை, என்னாலேயே நம்ப முடியாத அளவுக்கு நான் பேசாமல் இருந்தேன். கால் வலி தாண்டியது. மண்சரிவு தாண்டியது. சாலை ஓரத் தையல் கடை வந்தது. இந்தப் படத்தைத் தைத்த அம்மா வந்தார். விலை பேசி முடித்தார்கள். வாசலில் யாரோ வந்து நின்றார்கள். “அந்தம்மா அவங்களைப் பார்த்தாங்க. என்னைப் பார்த்தாங்க. ஒண்ணும் பேசல. கத்திரியை எடுத்தாங்க...”

“கத்திரியா! எதுக்கு?”

அலமாக். வாயைப் பொத்தினேன், பலனில்லை. சம்பந்தி மெல்ல எழுந்து கடிகாரத்தைப் பார்த்தார். “கிட்ட வந்துட்டீங்க. அடுத்த ஞாயிறு முதல்ல இருந்து வரேன்,” என்று படத்தை இன்னும் கொஞ்சம் சாய்த்து வைத்துவிட்டுப் போனார்.

அந்த அடுத்த ஞாயிறுக்கு முதல் நாள்தான் நான் பாதி மீசையோடு ஓடியது. துக்க வீட்டில் கேட்கக் கூடாதுதான், ஆனாலும் மாப்பிள்ளையைத் தனியே அழைத்துக் கேட்டேன்.

“தெரியாது மாமா. நானும் கேட்டேன். ‘உங்க மாமாகிட்ட முதல்ல சொல்லி முடிக்கணும், அப்புறம்தான் உனக்கு’ன்னுட்டாரு.”

“அப்பா, இப்ப இதுவா முக்கியம்?” என்று கவிதா கண்ணைத் துடைத்துக்கொண்டே அதட்டினாள்.

இதுதான் முக்கியம் மகளே. உலகத்தில் ஒரே ஒரு மனிதருக்குத்தான் அந்தக் குருவி எங்கே போனது என்று தெரியும். ஒரே ஒரு மனிதனுக்குத்தான் அதைச் சொல்வதாக அவர் வைத்திருந்தார். அந்தத் தையல் கடை வாசலில் வந்து நின்றது யார், குழந்தையா, கிழவரா, அழுதார்களா, சிரித்தார்களா? இப்போது யாரிடம் போய்க் கேட்பது? இப்படியா பாதியில் எழுந்து போவது?

மறுநாள், அவர் வந்திருக்க வேண்டிய அந்த ஞாயிற்றுக்கிழமை, வழியனுப்பினோம். காலையில் புறப்படும்முன் சுவரைப் பார்த்தேன். படம் அவர் சாய்த்து வைத்தபடியே இருந்தது. செல்வி நேராக்கப் போனாள், வேண்டாம் என்றேன்.

வாய்க்கரிசி போடும் வரிசையில் என் முறை வந்தது. குனிந்தேன். நெற்றி நிறையத் திருநீறோடு, ரயிலுக்கு இன்னும் நேரம் இருக்கிற மனிதரைப் போலப் படுத்திருந்தார். அரிசியைப் போட்டுவிட்டும் நான் நகரவில்லை. பின்னால் ஆட்கள் காத்திருந்தார்கள். “மாமா, ஏதாவது சொல்லணுமா?” என்று முரளி மெதுவாகக் கேட்டார். இல்லை என்று தலையாட்டிவிட்டு விலகினேன்.

வாய்வரை வந்து நான் சொல்லாமல் விட்டது இதுதான்: “முதல்ல இருந்து சொல்லுங்க சம்பந்தி. இந்தத் தடவை குறுக்கப் பேச மாட்டேன்.”