வளையமில்லாத தலை

இராக்கில் அமாரா ஊர்ச் சந்தையில் கோரைப்பாய் விற்கும் சாஸிபை எல்லாருக்கும் தெரியும். ஈ எறும்புக்குக்கூடத் தீங்கு நினைக்காதவன். தலைத்துணி போட்டிருப்பான், அதை இறுக்கிப் பிடிக்கும் கறுப்பு வளையம் மட்டும் இருக்காது. அண்ணனைச் சுட்டவர்களின் வீட்டில் ஓர் உயிர் விழும்வரை அதைத் தொடமாட்டேன் என்று, அடக்கம் முடிந்த கையோடு பெரியவர்கள் முன்னால் கழற்றி வைத்தான். எங்கள் குடிகளில் அது வழக்கம். வளையம் தலைக்குத் திரும்பினால் பழி தீர்ந்தது என்று அர்த்தம்.

ஆனால் சாஸிபுக்குக் கொல்ல மனசு வரவில்லை. வருஷங்கள் ஓடின. சந்தை அவனைக் குத்திக் காட்டும்போதெல்லாம் பக்கத்துக் கடைக்காரனான நான்தான் பேச்சை மாற்றுவேன். டீக்கடை ஷன்ஷூலுக்கு வாய் அடங்காது. மகள் பெயரைச் சேர்த்து, ஸஹ்ராவின் அப்பா என்றுதான் அவனைக் கூப்பிடுவான்.

"என்ன அபூ ஸஹ்ரா, துணி காத்துல பறக்குதே! வளையத்தை எலி தின்னுடுச்சா?"

"டீயை ஊத்துடா, ஆறிப்போகுது," என்பான் சாஸிப்.

அவனுடைய ஒரே மகள் ஸஹ்ராவுக்குக் கல்யாணம். போட்டோவுக்கு நிற்கும்போது அழுதுவிட்டாள்.

"அப்பா, இந்த ஒரு படத்துக்கு மட்டும் போட்டுக்குங்க. மாமனார் வீட்டுச் சுவத்துல நீங்க இந்தக் கோலத்துல தொங்க வேணாம்."

சாஸிப் என்னைப் பார்த்தான்.

"வேணாம்டா, வம்பை விலைக்கு வாங்காத," என்றேன்.

மகள் முகத்தைப் பார்த்தான். மாப்பிள்ளையின் வளையத்தை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டான். படம் எடுத்ததும் கழற்றிக் கொடுத்துவிட்டான். என்ன பிரயோஜனம்? சோறு பரிமாறி முடிவதற்குள் அந்தப் படம் கைபேசி கைபேசியாக ஊரைச் சுற்றிவிட்டது.

அண்ணனைக் கொன்றவர்களின் வீட்டுக்கும் போயிற்று. அவர்கள் வீட்டு இளையவன் முத்தஷர், பஸ்ராவுக்குப் போனவன், அன்று திரும்பவில்லை. போனையும் எடுக்கவில்லை. படத்தைப் பார்த்தார்கள், அவனைச் சாஸிப் முடித்துவிட்டான் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

மறுநாள் காலையில் ஷன்ஷூல்கூட அடுப்பைப் பற்றவைக்கவில்லை. கடைகள் ஒவ்வொன்றாகக் கதவை இழுத்தன. நான் சாஸிபிடம் ஓடினேன்.

"ஓடிப்போயிடுடா, அவங்க கிளம்பிட்டாங்களாம்!"

"நான் என்ன பண்ணேன், ஓடறதுக்கு? வரட்டும், சொல்லிக்கறேன்."

சொல்ல விடவில்லை பாவிகள். வண்டியை விட்டு இறங்காமலே சுட்டார்கள்.

மதியத் தொழுகைக்கு அப்புறம், பஸ்ஸிலிருந்து இறங்கி, பேரீச்சம்பழப் பையோடு முத்தஷர் சந்தைக்குள் நடந்து வந்தான். போன் தொலைந்துபோனதாம். பூட்டிய கடைகளையும் தண்ணீர் ஊற்றிக் கழுவிய தரையையும் பார்த்து நின்றான்.

"யாரு மாமா செத்தது?"

"நீ செத்துட்டேன்னுதான்டா சாஸிபைக் கொன்னாங்க," என்றேன்.