கேப் பார்க்கிற வேலை

எண்பதுகளின் நடுவில் சிங்கப்பூரில் ஒரு வெடிகுண்டுத் தொழிற்சாலையில் வேலை பார்த்தேன். கணவருக்கும் அதே கம்பெனிதான், வேறு கட்டடம். அங்கே ஒரு புதுத் துப்பாக்கி செய்துகொண்டிருந்தார்கள். அது துப்புவது சாதாரண ரவை இல்லை, கோழிமுட்டைப் பருமனில் ஒரு குண்டு. அதுவரை பட்டாளத்துப் பையன்கள் ஒவ்வொன்றாகப் போட்டுச் சுட்டதை இது பெல்ட்டில் கோத்து வரிசையாகச் சுடும். நான் குண்டுப் பக்கம், அவர் துப்பாக்கிப் பக்கம். அதைச் சுட்டுப் பார்ப்பது அவர் வேலை.

வேலையைப் பற்றி யாரிடமும் வாய் திறக்கக்கூடாது என்று இருவரிடமும் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். எங்கள் குவீன்ஸ்டவுன் வீட்டில் சுவர் மெல்லிசு, மாமியாரும் கூடவே இருந்தார். அதனால் சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டுக் குசுகுசுவென்று பேசுவோம். "அது இன்னிக்கு எப்படி?" என்று கேட்பேன். "பரவால்ல, சொன்ன பேச்சு கேக்குது" என்பார். மற்ற தம்பதிகள் எதைப் பேசிக் கொஞ்சினார்களோ, எங்களுக்கு அதுதான் கொஞ்சல்.

என் வேலை கேப் பார்ப்பது. தோட்டாவின் அடியில் சின்னப் பொட்டு மாதிரி பித்தளை கேப் இருக்கும், அதில் அடிபட்டால்தான் மருந்து பற்றும். அது ஒரு துளி உள்ளே அமுங்கி இருக்கவேண்டும், துருத்தக்கூடாது. கட்டைவிரலால் தடவி, கேஜ் என்ற அளவுக்கருவியை வைத்துப் பார்த்து, அடுத்ததை எடுப்பேன். அந்தத் துப்பாக்கியின் சாமர்த்தியமே இதில்தான் இருந்தது. உள்ளே போல்ட் என்ற கனமான இரும்புக்கட்டை முன்னால் பாய்ந்து, தோட்டா முழுதாகக் குழாய்க்குள் போய்ச் சேரக் கொஞ்சம் இருக்கும்போதே அதை வெடிக்க வைக்கும். அதனால் உதை குறையும் என்று இன்ஜினியர்கள் பெருமையடித்துக்கொண்டார்கள். கேப் துருத்தியிருந்தால் இன்னும் முந்திக்கொண்டு வெடித்துவிடும், நெருப்பு சுடுகிறவன் முகத்துக்கு வரும் என்பதை எங்களுக்குப் பாடமாகவே சொல்லித் தந்தார்கள். சுடுகிறவன் என் புருஷன் என்று அவர்களுக்கு யார் சொல்வது?

மருந்து இருக்கும் அறைக்குள் ஹேர்பின்கூடப் போகக்கூடாது. முதல் நாளே சீன சூப்பர்வைசர் என் கழுத்தைக் காட்டி, "நோ மெட்டல், நோ கோல்ட் லா" என்றாள். சிலுவை பதித்த தாலி, ஃபாதர் மந்திரித்துக் கொடுத்தது. தினமும் காலையில் கழற்றி லாக்கரில் வைப்பேன், சாயங்காலம் போட்டுக்கொள்வேன். வீட்டில் மூச்சு விடவில்லை. ஆனால் கோயிலுக்கு வரும் ஒரு பெண்ணும் அங்கே வேலை பார்த்தாள், போதாதா? மாமியார் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

ஆரம்பத்தில் துப்பாக்கியைச் சுவருக்கு அந்தப் பக்கம் நட்டு, கயிற்றை இழுத்துத்தான் சுட்டார்கள். ஒவ்வொன்றாக, பிறகு சின்ன பெல்ட்டாக. நம்பிக்கை வந்த பிறகு ஆள் பின்னால் உட்கார்ந்து சுடலாம் என்றார்கள். அவர் உட்கார்ந்தார். சில வாரம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு ஒரு நாள் மத்தியானம் ஒரு தோட்டா முந்திக்கொண்டு வெடித்தது.

உயிர் தப்பியது. கன்னத்தில் கருப்புப் புள்ளிகள் தங்கிவிட்டன, இரண்டு காதும் போய்விட்டன. காதுமெஷின் வைத்தும் பிரயோஜனம் இல்லை, நன்றாகக் கத்தினால்தான் ஏதாவது எட்டும்.

ஞாயிறு பூசை முடிந்து பெண்கள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! மாமியார் நேராகவே கேட்டார். "தாலியக் கழட்டி இரும்புப் பெட்டியில பூட்டி வச்சா வேற என்னம்மா நடக்கும்?" நான் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்தப் பழி எனக்கு ஆறுதலாகத்தான் இருந்தது. தாலியைப் பற்றிப் பேசுகிறவரைக்கும் கேப்பைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள்.

கம்பெனியில் துப்பாக்கிப் பக்கத்தார் தோட்டாதான் கோளாறு என்றார்கள், எங்கள் பக்கத்தார் போல்ட்தான் என்றார்கள். கடைசியில் கேப் அழுத்தும் மெஷினையும் மாற்றினார்கள், போல்ட்டையும் மாற்றினார்கள். இரண்டையும் மாற்றிவிட்டால் யாரையும் குறை சொல்ல வேண்டியதில்லை பாருங்கள். என்னதான் முடிவு என்று எங்கள் மேசைக்கு ஒருவரும் வந்து சொல்லவில்லை.

அவருக்குத் தெரிந்திருக்கும், வெடிக்கும் முன் துப்பாக்கியைக் கடைசியாகப் பார்த்தவர் அவர்தான். ஆனால் அவரிடம் எப்படிக் கேட்பது? குழாயைத் திறந்துவிட்டுக் குசுகுசுத்த காலம் முடிந்துவிட்டது. உப்பு போதுமா என்று கேட்டாலே காரிடாரில் நாலு வீட்டுக்குக் கேட்கும். தாளில் எழுதிக் காட்டியிருக்கலாமே என்பீர்கள். பேனாவை எடுத்தும் பார்த்தேன், கை வரவில்லை. விரலை மட்டும் தினமும் பார்த்துக்கொள்வேன். இந்த விரல் தடவி அனுப்பியதுதானா அது?

சில வருஷம் கழித்து டிவியில் ராணுவ அணிவகுப்பு காட்டினார்கள். ஒரு வண்டியின் மேல் அந்தத் துப்பாக்கி, பளபளவென்று. "அது! அது!" என்று அவர் குழந்தை மாதிரி கத்தினார். என்னது என்று மாமியார் கேட்டார். லாரி என்றேன். கணவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை என்னால் தாங்கமுடியவில்லை, எழுந்து உள்ளே போய்விட்டேன். இனியும் கேட்காமல் இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது.

அந்த ஞாயிறு பூசை முடிந்து, தேக்கா சந்தையில் காய்கறி வாங்கிக்கொண்டு, நானும் அவரும் ஃபேரர் பார்க் திடலில் உட்கார்ந்தோம். மாமியார் வரவில்லை. பந்தாட்டம் நடந்துகொண்டிருந்தது, சுற்றிலும் ஒரே கூச்சல். கோல் விழுந்து எல்லோரும் கத்தியபோது நானும் அவர் காதில் வாயை வைத்துக் கத்தினேன்.

"என் கேப்பாலதானா? சொல்லுங்க!"

அவர் என் முகத்தைப் பார்த்தார். கேட்டுவிட்டது என்று தெரிந்தது. அவர் வாயைத் திறப்பதற்குள் கூச்சல் அடங்கியிருந்தது, அவருக்கு அது தெரியாது.

"உன் கேப்பு இல்ல! போல்ட்டு! நான்தான் அத சரியா மாட்டல!"

பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் என் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு ஆட்டத்தைப் பார்க்க ஆரம்பித்தார்.

போல்ட் மாட்டுவது அவர் வேலையே இல்லை. அதற்கென்று ஒரு மலாய்க்காரர் இருந்தார், அவரைத் தவிர வேறு யாரும் அதைத் தொடக்கூடாது. அந்த மலாய்க்காரரின் மனைவி என் மேசையில்தான் உட்கார்ந்தாள், அதனால் எனக்கு அது தெரியும் என்று இவருக்குத் தெரியாது. என்னைத் தேற்றத்தான் பொய் சொன்னார். தேற்றவேண்டியிருந்தது என்றால், என் கேப்தான் என்று இத்தனை வருஷமும் தெரிந்துவைத்துக்கொண்டே நான் போட்ட சோற்றைச் சாப்பிட்டிருக்கிறார்.