காருக்கு மேல் ஒரு சைக்கிள்

பெருமாள்மலையிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறும் வழியில் ஒரு வளைவில், சாலைக்கு மேல் தாழ்ந்து நீண்ட கிளை ஒன்று உண்டு. அது வரும்போதெல்லாம் காசிநாதன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே தலையைக் குனிந்துகொள்வார். காருக்குள் இருப்பவரைக் கிளை எப்படி இடிக்கும்? பின்சீட்டு டூரிஸ்ட்டுகள் சிலர் விஷயம் புரியாமல் தாங்களும் குனிவார்கள். அவர் மனைவி வேலுத்தாய் இதைப் பல வருஷமாகப் பார்க்கிறாள். ஏன் என்று கேட்டதில்லை. அவளுக்குத் தெரியும்.

வேலுத்தாய் பிறந்தது இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்கள் குடியிருந்த லயத்தில். கப்பலேறி வந்த பிறகு அவள் குடும்பம் அடிவாரத்து அய்யம்பாளையத்தில் தங்கியது. அணைப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் அவளுக்கு வேலை. மாற்றலாகிப் போன நர்ஸ் ஒருத்தி விட்டுப்போன பழைய லேடீஸ் சைக்கிள் அவள் கைக்கு வந்தது. வெள்ளனே கிளம்பி வாய்க்கால் கரையோடு போவாள். நின்று பேசக் கூச்சப்படுகிறவளுக்கு சைக்கிள் நல்ல துணை. வழியில் ஆள் நின்றால் வாய் திறக்க வேண்டாம், மணியை ஒரு தட்டுத் தட்டினால் போதும்.

எழுபத்தேழில் பெருமாள்மலை டாக்ஸிக்காரர் காசிநாதனுக்கு வாழ்க்கைப்பட்டாள். காலியாக மலையேறிய காய்கறி லாரியில் சைக்கிளும் வந்தது. வந்து என்ன? வாசலைத் தாண்டினால் ஒன்று ஏற்றம், இல்லாவிட்டால் இறக்கம். சைக்கிள் சுவரோடு சாய்ந்ததுதான். வீடு கூட்டும்போது பெடலை ஒருதரம் கையால் சுற்றிவிடுவாள். பின்சக்கரம் சுழன்று நிற்கும்வரை விளக்குமாறும் கையுமாக நிற்பாள். திறந்த கதவு வழியே பனி உள்ளே வரும். சக்கரத்தின் சத்தத்தில் வாய்க்கால் தண்ணீர் பக்கத்தில் ஓடுவது போலிருக்கும்.

நாலு வருஷம் கழித்து ஒருநாள் காசிநாதன் கதவருகே நின்று கேட்டார். “ஏ புள்ள, ஏரியைச் சுத்தி ரோடு மட்டமாத்தான கெடக்கு. அங்க ஓட்டுனா என்ன?”

“அம்புட்டுத் தூரம் எப்பிடிங்க கொண்டு போறது?”

“நம்ம கார் எதுக்கு நிக்குது?”

அன்றிலிருந்து அவள் கனவில் ஏரி வந்தது. அதுவரை அங்கே அவள் போனதென்னவோ ஒரே ஒரு தடவை. கனவில் அதற்குக் கரையே இல்லை. சாலை தண்ணீர்மேல் மிதந்தது.

அடுத்த வாரம் வத்தலக்குண்டு பட்டறைக்கு இரண்டு பேரும் போனார்கள். அம்பாசிடர் கூரைமேல் மாட்டவென்று தயாராக இருந்த கேரியர், பெட்டி படுக்கை வைப்பதற்கானது. நாலு பக்கமும் கம்பி மறித்தது, சைக்கிள் நீளத்துக்கு உட்காரவில்லை. இன்னொன்று நீளமானது. “கார் கூரையில நாலு ஓட்டை போட்டு போல்ட்டு முடுக்கிட்டா எந்தக் காத்துக்கும் அசையாதுங்க” என்றார் பட்டறைக்காரர்.

வேலுத்தாய் காருக்குள் இருந்தபடியே புருஷன் சட்டையை இழுத்தாள். “ஓட்டை வேண்டாங்க. லயத்துத் தகரத்துல ஆணி அடிச்ச எடமெல்லாம் ஒழுகும். ராவெல்லாம் சட்டி வச்சுக்கிட்டே கெடப்போம்.”

“வீட்டு உத்தரவு, ஓட்டை வேண்டாமாம்!” என்று காசிநாதன் சத்தமாகச் சொல்ல, அவள் முக்காட்டை இழுத்துக்கொண்டாள்.

கடைசியில் கூரை ஓரத்தில் மழைத்தண்ணீர் வடியும் விளிம்பைக் கவ்வுகிற கொக்கிகளோடு ஒன்றைச் செய்து வாங்கினார்கள். பெயின்ட் உரியாமலிருக்கக் கொக்கிக்கு அடியில் பழைய டியூப் துண்டுகளை அவள்தான் வெட்டி வைத்தாள். காசிநாதன் கேரியரைப் பிடித்து ஆட்டினார். கார்தான் ஆடியது.

“சைக்கிளைக் கவுத்துப் போட்டுக் கட்டுங்க. அதுதான் தோது” என்றார் பட்டறைக்காரர்.

“எம் பொஞ்சாதி ஏறப்போற வண்டிய்யா. தலைகீழாவா கூட்டிட்டுப் போறது?”

ஞாயிற்றுக்கிழமை விடிகாலை, சைக்கிளை நிமிர்த்தியே கட்டினார். ஸ்டாண்டில் நின்ற இன்னொரு டாக்ஸிக்காரர் மாயாண்டி விடவில்லை. “ஏலே காசி, பெட்ரோல் தீந்தா அதுல போயி வாங்கியாரவா?”

“ஒன் வண்டி வழியில நின்னா வந்து இழுக்கத்தாம்லே!”

கார் ஏறியது. ஒரு வளைவில் பனி, மறு வளைவில் வெயில். வெயிலில் பாறைச்சுவர்மேல் காரின் நிழல் ஓடியது. நிழலுக்கு மேலே சைக்கிள் ஓடியது. ஆளில்லாத சீட்டில் தானே உட்கார்ந்து போவதாக வேலுத்தாய் பார்த்துக்கொண்டே வந்தாள்.

அப்போதுதான் அந்தக் கிளை. காசிநாதன் குனிந்தார், சைக்கிள் குனியவில்லை. ‘கிணிங்’ என்று ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தால் ஹேண்டில்பார் கொஞ்சம் திரும்பியிருந்தது, மணியைக் காணோம். கீழே பள்ளம் முழுக்கப் பனி.

“திரும்பிருவமா? மணி வாங்கி மாட்டிட்டு இன்னொரு நாள் வருவம்” என்றார் முகம் வாடி.

மணியில்லாமல், அத்தனை ஜனத்துக்கு நடுவில் எப்படி? ஆனால் இன்றைக்குத் திரும்பினால் சைக்கிள் மறுபடி சுவரோடு சாய்ந்துவிடும், அதோடு சரி என்றும் தோன்றியது.

“வெரசாப் போங்க” என்றாள்.

படகுத்துறை அருகே இறக்கி ஹேண்டிலை நேராக்கினார். அவள் சேலையைச் செருகிக்கொண்டு ஏறினாள். ஏரி தெரியவில்லை, பனிதான் தெரிந்தது. கால்கள் மறக்கவில்லை. கொஞ்ச தூரத்தில் சாலையை அடைத்துக்கொண்டு ஒரு கூட்டம் நடந்தது. விரல் மணியைத் தேடி வெறுமையைத் தட்டியது. இருமிப் பார்த்தாள். யாரும் திரும்பவில்லை.

“ஓரம்... ஓரமாப் போங்க!”

கூட்டம் விலகியது. குதிரையை நடத்தி வந்த ஒருவன் சிரித்தான். “என்னாத்தா, மணிய வாயில மாட்டிட்டியா?”

அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. “ஆமா, குதிரையப் பிடி!” என்று சொல்லிக்கொண்டே போனாள். பிறகு ஆளில்லாத இடத்திலும் ஒருதரம் கூவிப் பார்த்தாள். சத்தம் தண்ணீர்மேல் போயிற்று.

காரடியில் நின்ற காசிநாதன் அக்கரையிலிருந்து வந்த குரலைக் கேட்டார். “மொதல்ல யாரோன்னு நெனச்சேன்” என்று இன்றும் சொல்வார்.

கேரியர் இப்போதும் அந்தக் காரின் மேல்தான் இருக்கிறது. கூரை ஒழுகவில்லை. ஞாயிறுகளில், மழையில்லாவிட்டால், சைக்கிள் கவிழ்ந்தபடி ஏரிக்குப் போய் வருகிறது. மணி இன்னும் மாட்டவில்லை.