பார்க்காத கடைசிக் காட்சி

ஆரோக்கிய பிரபுவின் முகம் கடலூர் மஞ்சக்குப்பத்தில் பலருக்குத் தெரியாது. குரல் தெரியும். பகலில் ஒரு மருந்துக் கடையில் சீட்டைப் பார்த்து மாத்திரை எடுத்துக் கொடுப்பவன் அவன். மதியம் கடை ஓய்ந்திருக்கும் இரண்டு மணி நேரத்தில் வீட்டுக்கு வந்து, பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே மெத்தையைச் சாத்தி, அந்த இடுக்கில் உட்கார்ந்து வெளிநாட்டுப் படங்களின் கதையைத் தமிழில் சொல்லிப் பதிவு செய்வான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு யூடியூபில் போடுவான். 'சொல்றேன் கேளுங்க' என்று பெயர். இருமல் மருந்து வாங்க வந்த ஒருவர் அவன் "காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு" என்று சொன்னதைக் கேட்டுவிட்டு, "நீங்க அந்தப் படம் சொல்றவர்தானே?" என்று கேட்டதுண்டு. அன்று முழுக்க அவன் தரையில் நடக்கவில்லை.

மற்றவர்களைப் போல அவன் கதையை மட்டும் சொல்வதில்லை. ஆள் என்ன சட்டை போட்டிருக்கிறான், ஜன்னலுக்கு வெளியே மழையா வெயிலா, எல்லாவற்றையும் சொல்வான். முதலில் அது தானாக வந்த பழக்கம். பிறகு அதற்கு ஒரு காரணம் கிடைத்தது. இரண்டு வருடங்களுக்கு முன்பு சிதம்பரத்திலிருந்து ஒரு குரல் செய்தி வந்தது.

"வணக்கம் பிரபு. என் பேரு பழனிவேல். இங்க ஒரு ஆபீஸ்ல டெலிபோன் ஆபரேட்டர். எனக்குப் பொறந்ததுலேருந்து கண்ணு தெரியாது. படம்னா எனக்கு வெறும் சத்தந்தான். நீங்க சொல்லித்தான் படம் இன்னான்னே புரியுது. கதவு எந்தப் பக்கம் தொறக்குதுன்னுகூடச் சொல்றீங்க பாருங்க, அது போதும்."

அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் பழனிவேலின் செய்தி வந்துவிடும். கேள்விகளும் இருக்கும். அந்தப் பாலம் மரமா, இரும்பா? அவள் சிரித்தபோது பல் தெரிந்ததா? பிரபு படத்தை மறுபடி ஓட்டிப் பார்த்துப் பதில் அனுப்புவான். இருவரும் நேரில் பார்த்துக்கொண்டதே இல்லை.

சென்ற சித்திரையில் அவன் எடுத்துக்கொண்ட படம் 'எட்டு நிமிட நிறுத்தம்'. ஒரு நாவலை வைத்து அறுபது வருடங்களுக்கு முன்பு எடுத்த கறுப்பு வெள்ளை அரசியல் படம். தேர்தலுக்கு முந்தின வாரம், ஓடும் ரயிலில் ஒரு மந்திரி செத்துப்போகிறார். மாரடைப்பு என்கிறது அரசாங்கம். ஆனால் நிலையமே இல்லாத இடத்தில் அந்த ரயில் எட்டு நிமிடம் நின்றிருக்கிறது. அது பதிவான ஒரே தாள் ஒரு ரயில்வே குமாஸ்தாவின் கையில் இருக்கிறது. அவன் அதை வெளியே சொல்வானா, மாட்டானா என்பதுதான் படம்.

பிரபுவுக்குக் கிடைத்த படம் ஒரு மணி நாற்பத்தோராவது நிமிடத்தில் நின்றுவிட்டது. குமாஸ்தா தாளை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு தெருவில் இறங்குகிறான். அதோடு திரை உறைந்துவிட்டது. வேறு இடங்களில் தேடினான், கிடைக்கவில்லை. அன்று வியாழன். மறுநாள் ஆறு மணிக்குப் போட்டாக வேண்டும். நாவலின் தமிழ் மொழிபெயர்ப்பு நூலகத்தில் இருந்தது. அதுவரை பார்த்ததை ஒப்பிட்டுப் பார்த்தான். காட்சிக்குக் காட்சி ஒன்றாகவே இருந்தது. முடிவு மட்டும் எங்கே மாறிவிடப் போகிறது என்று நினைத்தான். கடைசி அத்தியாயத்தைப் படித்தான். குமாஸ்தா நீதிமன்றத்தில் எழுந்து நின்று அந்தத் தாளைப் படிக்கிறான்.

அதை அப்படியே சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. நாவலில் அந்த இடம் நாலே வரி. அது பிரபுவுக்குப் போதவில்லை. பீரோ இடுக்கில் உட்கார்ந்து அவனே படம் எடுத்தான். கேமரா குமாஸ்தாவின் நடுங்கும் விரலில் தொடங்கி மெல்ல மேலே போகிறது என்றான். ஒருத்தரும் இருமவில்லை என்றான். முன் வரிசையில் ஒரு கிழவி மூக்குக் கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைக்கிறாள் என்றான். வெள்ளைக்காரக் கிழவிக்கு முந்தானை ஏது என்று அப்போது தோன்றவில்லை. சொல்லும்போது அவனுக்கே கண் கலங்கியது.

மற்ற எல்லாப் படங்களையும்விட அதை ஜாஸ்தி பேர் பார்த்தார்கள். மூன்றாம் நாள் ஒருவர் கீழே எழுதினார்: "ப்ரோ, படத்துல க்ளைமாக்ஸ் இது இல்லையே." பிரபுவுக்குக் காது சூடானது. அழித்துவிட்டான். இன்னொருவர் எழுதினார். அதையும் அழித்தான். அப்படி மொத்தம் பதினோரு பேர். படத்தின் முடிவு உண்மையில் என்ன என்று அவன் தேடிப் பார்க்கவில்லை. தெரிந்துகொண்டால் பொய் சொன்னதாகிவிடும், தெரியாதவரை அது வெறும் தவறுதான் என்று ஒரு கணக்கு.

ஆனியில் ஒரு திங்கட்கிழமை, பழனிவேலிடமிருந்து ஒரு பெரிய ஒலிப்பதிவு வந்தது. கூடவே குரல் செய்தி.

"பிரபு, இங்க ஒரு சினிமா சங்கம் இருக்கு. சனிக்கிழமை படம் போடுவாங்க, ஞாயித்துக்கிழமை உக்காந்து பேசுவாங்க. சனிக்கிழமை நான் போக மாட்டேன், பாஷை புரியாது. ஞாயித்துக்கிழமை போயி மூலையில உக்காந்துட்டு வருவேன். ஆறு வருஷத்துல ஒரு வார்த்தை பேசினதில்ல. நேத்து இன்னா படம் தெரியுமா? நம்ம எட்டு நிமிஷம்! அந்தக் குமாஸ்தாவே எழுந்து நின்னு பேசும்போது நமக்கு இன்னான்னு நானும் எழுந்துட்டேன். கேட்டுப் பாருங்க. எல்லாம் உங்களாலதான்."

பிரபு கடைக்குப் பின்னால், அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே நின்று அதைக் கேட்டான். பழனிவேல் நன்றாகப் பேசினார். முதலில் தடுமாறி, பிறகு திடமாக. நடுங்கும் விரலைச் சொன்னார். ஒருத்தரும் இருமாததைச் சொன்னார். கிழவி கண்ணாடியைத் துடைத்த இடத்தில், யாரோ ஒருவர் சிரிப்பை அடக்கும் சத்தம் கேட்டது. "உஷ்" என்றது இன்னொரு குரல். பேச்சு முடிந்தபின் ஒரு நொடி ஒன்றுமே இல்லை. பிறகு கைதட்டினார்கள். பாவம் பார்த்துத் தட்டும் கைத்தட்டல் அது. முந்தின நாள்தான் அவர்கள் எல்லோரும் அந்தப் படத்தைப் பார்த்திருந்தார்கள்.

அன்று ஒருவருக்குச் சர்க்கரை மாத்திரைக்குப் பதிலாக வேறு அட்டையை எடுத்து வைத்து, முதலாளியிடம் திட்டு வாங்கினான்.

அவன் மனைவி நித்யா மேரிக்கு விஷயம் செவ்வாய்க்கிழமை தெரிந்தது. புதன்கிழமை அவன் மாதா கோயிலுக்குப் போய், பாதிரியாரிடம் தப்பைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு வந்தான்.

"சொல்லிட்டேன். மனசு கொஞ்சம் லேசா இருக்கு" என்றான்.

"யாருகிட்ட சொன்ன?"

"சாமியார்கிட்ட. செபமாலை சொல்லச் சொன்னாரு."

"சாமியாரா அந்தக் கூட்டத்துல எழுந்து பேசினாரு?" என்றாள் நித்யா, வெங்காயம் நறுக்குவதை நிறுத்தாமல். "செபமாலை சொன்னா சிதம்பரத்துல இருக்குற மனுசனுக்கு எப்படித் தெரியும்? பஸ்ஸு பத்து நிமிஷத்துக்கு ஒண்ணு போவுது."

வியாழக்கிழமை விடுப்பு சொல்லிவிட்டுப் பேருந்தில் ஏறினான். ஆலப்பாக்கம் தாண்டும்வரை எப்படிச் சொல்வது என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தான். ஒவ்வொரு தடவையும் அது ஒரு கதை மாதிரி நன்றாக வந்தது. அதுவே அவனுக்கு அருவருப்பாக இருந்தது. பி.முட்லூரில் இறங்கித் திரும்பிவிடலாமா என்று பார்த்தான். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் மடியில் மீன் கூடையோடு தூங்கிக்கொண்டிருந்தார். அவரை எழுப்பக் கூச்சப்பட்டு அப்படியே போய்விட்டான்.

வடக்கு வீதிக்குப் பின்னால் ஒரு சந்து. கதவைத் திறந்தது பழனிவேலின் மனைவி மலர்க்கொடி. அவன் பெயரைச் சொன்னதும் கதவைப் பாதி சாத்திக்கொண்டு வாசலுக்கே வந்துவிட்டாள்.

"நீதானா அந்த வாயி?"

பிரபு தலையாட்டினான். அவளே தொடர்ந்தாள்.

"நானும் படத்தைப் பாக்கல. ஆனா அன்னைக்குக் கூட்டத்துல அவர்கூட இருந்து எல்லார் மூஞ்சியையும் பாத்தேன். அவரு பேசப் பேச ஒருத்தன் வாயைப் பொத்திக்கிறான், ஒருத்தி குனிஞ்சிக்கிறா. எனக்கு ஒடம்பே கூசிப்போச்சு. வரும்போது செம்பியன் சாரைத் தனியாக் கேட்டேன், அவருதான் சங்கத்துச் செயலாளர். 'படத்துல அப்படி ஒரு சீனே இல்லம்மா'ன்னுட்டாரு." அவள் குரலைத் தாழ்த்தினாள். "இதோ பாருப்பா. நாலு நாளா மனுசன் சந்தோஷமா இருக்காரு. ஒரு வாய் டீ குடிச்சிட்டுக் கெளம்பு. அந்தப் பேச்சே எடுக்காத."

உள்ளிருந்து குரல் வந்தது. "யாரு மலரு?"

"கடலூர்லேருந்து... உங்க பிரபு."

பழனிவேல் எழுந்து வந்து இரண்டு கைகளையும் நீட்டினார். நாற்பத்தைந்து வயதிருக்கும். இஸ்திரி போட்ட சட்டை. பிரபுவின் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் உங்கள குண்டா நெனச்சிருந்தேன்யா" என்று சிரித்தார். நாற்காலியைத் தொட்டுக் காட்டினார். மலர்க்கொடி டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, கதவோரம் நின்று பிரபுவையே பார்த்தாள்.

டீயைக் குடித்துவிட்டு வந்திருக்கலாம். அவளே அனுமதி கொடுத்துவிட்டாள். அந்தச் சலுகை எவ்வளவு இனிப்பாக இருந்தது என்பதைத்தான் பிறகு நித்யாவிடம்கூட அவனால் சொல்ல முடியவில்லை.

"அண்ணா, அந்தப் படத்தோட முடிவை நான் பாக்கல" என்றான். "படம் பாதியில நின்னுபோச்சு. நாவல்ல இருந்ததை எடுத்து, பாத்த மாதிரி சொன்னேன். அந்த விரலு, அந்தக் கிழவி, எல்லாம் நான் கட்டினது."

மலர்க்கொடி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

பழனிவேல் முகம் அசையவில்லை. "சிரிப்பு கேட்டுது" என்றார். "எனக்கு அதுவும் கேக்காதா? பொழுதன்னைக்கும் ஃபோனைக் காதுல வச்சிட்டு உக்காந்திருக்கவன். மூணு பேருக்கு ஃபோன் போட்டுக் கேட்டேன். 'சூப்பரா பேசினீங்க'ங்குறாங்க. மலரு, உன்னையும் கேட்டேன்."



"சரி" என்றார் பழனிவேல். "நெசமான முடிவு இன்னா?"

மன்னிப்புக் கேட்க நாற்பது கிலோமீட்டர் வந்தவன், அந்த முடிவை அப்போதும் பார்த்திருக்கவில்லை.

"தெரியாதுண்ணா."

"இன்னுமா பாக்கல?"

"இல்லண்ணா."

பழனிவேல் சிரித்தார். அதில் சந்தோஷம் இல்லை. செம்பியனுக்கு ஃபோன் செய்து, படத்தை அனுப்பச் சொன்னார். எதற்கு என்று சொல்லவில்லை. அது வந்து இறங்க இருபது நிமிடம் ஆனது. தெருவில் ஒருவன் பலாச்சுளை விற்றுக்கொண்டு போனான். பிரபு படத்தின் கடைசிப் பகுதியை ஃபோனில் ஓடவிட்டான்.

"பாத்ததை மட்டும் சொல்லுங்க" என்றார் பழனிவேல்.

பிரபு சொன்னான். குமாஸ்தா தெருவில் நடக்கிறான். நீதிமன்ற வாசலில் நிற்கிறான். உள்ளே போகவில்லை. திரும்பி அலுவலகத்துக்கு வருகிறான். தாளை ஒரு காகிதக் கட்டுக்குள் செருகிக் கயிறு கட்டுகிறான். கை கழுவுகிறான். துண்டு வெள்ளையாக இருக்கிறது. ஒரு ரயில் கிளம்புகிறது. வெளியே போய்க் கொடி காட்டுகிறான்.

"அப்புறம்?"

"பேரெல்லாம் ஓடுதுண்ணா."

"பேசவே இல்லையா அவன்?"

"இல்லண்ணா."

"அவனுக்கு வருத்தமா இருக்கா?"

"முதுகுதான் தெரியுது. சொல்ல முடியல."

பழனிவேல் தம்ளரை விரலால் சுற்றிக்கொண்டிருந்தார். பிறகு, "அதுக்குக் கீழ யாருமே எழுதலையா, இது தப்புன்னு?" என்று கேட்டார்.

இதை அவன் சொல்லாமல் விட்டிருக்கலாம். அவருக்குத் தெரிய வழியே இல்லை.

"எழுதினாங்க. பதினோரு பேர். அழிச்சிட்டேன்."

அந்த இடத்தில்தான் அவர் முகம் மாறியது. மலர்க்கொடிகூடத் தலையைத் திருப்பிக்கொண்டாள்.

"படம் நின்னுபோச்சு, சரி. அவசரம், சரி" என்றார் பழனிவேல் மெதுவாக. "பதினோரு பேரு சொல்லியிருக்கான். அதுல ஒண்ணை விட்டு வச்சிருந்தா, என் ஃபோன் அதை எனக்குப் படிச்சுக் காட்டியிருக்கும். நான் அங்க போயி நின்னிருக்க மாட்டேன். எல்லாருக்கும் என்கிட்ட சொல்லாம வுடறது சுலபமா இருக்கு, பிரபு. நீங்களுமா?"

பிரபு அழவில்லை. அழுதால் அதையும் அவர் கேட்டுவிடுவார், ஆறுதல் சொல்ல வேண்டியதாகிவிடும் அவருக்கு. அதைக்கூட அவரிடம் வாங்கிக்கொள்ளக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். விடைபெறும்போது அவர் கையை நீட்டவில்லை. "பாத்துப் போங்க" என்று மட்டும் சொன்னார்.

அந்த வெள்ளிக்கிழமை ஆறு மணிக்குப் புதுப் படம் எதுவும் வரவில்லை. மூன்று நிமிடப் பதிவு ஒன்று வந்தது. இசை இல்லை, ஏற்ற இறக்கம் இல்லை. மருந்துக் கடையில் பேசும் குரலில், தான் பார்க்காததைப் பார்த்ததாகச் சொன்னதையும், திருத்தியவர்கள் எழுதியதை அழித்ததையும் பிரபு சொன்னான். நினைவிருந்த நாலு பேரின் பெயரைச் சொல்லி மன்னிப்புக் கேட்டான். பாக்கி ஏழு பேர் பெயர் நினைவில்லை என்றான். சிதம்பரத்தில் ஒரு கூட்டத்தில் ஒருவர் சொன்ன முடிவு அவர் தவறல்ல, என் தவறு, அங்கே இருந்தவர்கள் இதைக் கேட்டால் தெரிந்துகொள்ளுங்கள் என்றான். கீழே திட்டித் தீர்த்தார்கள். ஒன்றையும் அழிக்கவில்லை. நித்யா ஒவ்வொன்றாகச் சத்தமாகப் படித்தாள், அவன் சாப்பிடும்போதும்.

சனிக்கிழமை காலையிலிருந்து ஃபோனைக் கையில் வைத்திருந்தான். பழனிவேலின் குரல் வரவில்லை. மதியம் தெரியாத எண்ணிலிருந்து எழுத்தில் ஒரு செய்தி வந்தது.

"மலர்க்கொடி. நீ பேசிப் போட்டதைக் கேட்டாரு. ரெண்டு தடவ கேட்டாரு. ஒண்ணும் சொல்லல."

பிரபு அதற்குப் பதில் எழுத ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டான். கடையில் ஆள் காத்திருந்தார். சீட்டை வாங்கி, ஒரு தடவைக்கு இரண்டு தடவையாகப் படித்துவிட்டு மாத்திரையை எடுத்தான்.